வடக்குக் காட்டுச் சீழ்க்கை

"எங்க ஊரு ஆளுங்க மாதிரி தேன்காட்டிக் குருவியைக் கூப்பிட்டா என்ன, வாய் கோணிக்குமா?"

"உங்க ஊருச் சத்தம் எனக்கு வாய்ல நிக்க மாட்டேங்குது ஆசினா. நாக்கை உருட்டிக்கிட்டே போயி கடைசில ஒரு முனகல். காய்ச்சல்ல கெடக்குறவன் மாதிரி."

"அண்ணன் சிரிக்கிறாரு. சீழ்க்கை அடிச்சா பாம்புதான் வரும், தேன்காட்டி வராதுன்னு."

"வரும்."

"ரெண்டு வருஷமா வரலையே?"

"பறவைக்கு என்ன, ஊரா உறவா? எந்தச் சத்தத்துக்குப் பின்னால மெழுகு கிடைக்குதோ அந்தச் சத்தத்துக்கு வரும். நாமதான் செத்தாலும் மாற மாட்டோம். அதுங்க மாறிக்கும். நீ பாத்துக்கிட்டே இரு."

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், பூசணி இலைக்கு நாருரித்துக்கொண்டே நடந்த பேச்சு அது. இப்போது கணவன் ரஜபு இல்லாத வீட்டில் இலை ஆயும்போதெல்லாம் ஆசினாவுக்கு அந்தப் பேச்சு அப்படியே காதுக்குள் ஓடியது. சொன்னபடியே பறவைகள் மாறத்தான் செய்தன. மாறியதில்தான் வந்தது வினை.

ரஜபு ருவுமா ஆற்றுக்கு அக்கரைக்காரன். நாமகோலோ ஊரில் பெண் எடுத்தவன் பெண்ணின் ஊருக்கே வந்துவிட வேண்டும். வந்தவனுக்கு 'சேவல்' என்று பட்டம். சேவல் கூவலாம், கொத்தலாம், குஞ்சு பொரிக்கக் காரணமாகலாம். கூட்டத்தில் உட்கார்ந்து பேச முடியாது. ஆசினாவுக்கும் ரஜபுவுக்கும் குஞ்சும் இல்லை. ஆகையால் பட்டத்தில் கொஞ்சம் கேலி கூடுதலாகவே ஒட்டியிருந்தது.

ஆனால் காட்டில் அவன் ஆள் வேறு. தேன்கூடு இருக்கும் மரத்துக்கு ஆளைக் கூட்டிப்போகும் தேன்காட்டிக் குருவியைக் கூப்பிட ஊர் ஆண்கள் நாக்கை உருட்டி முனகுவார்கள். ரஜபு சீழ்க்கை அடிப்பான். நீளமாக ஓர் இழுப்பு, சட்டென்று ஓர் இறக்கம். முன்பல் ஒன்று பாதி உடைந்தவன் என்பதால் கடைசியில் சூடான சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு 'ஸ்ஸ்' வரும். பறவை வரவில்லையே என்று அவன் விடவில்லை. தானே கூடு தேடிப்போய், சீழ்க்கை அடித்துவிட்டுப் புகை போடுவான். தேன் எடுத்து முடிந்ததும் நல்ல மெழுகடையாகப் பார்த்து அகலமான இலையில் வைத்து, பறவையின் பங்கு என்று விட்டு வருவான்.

அந்தச் சமயத்தில்தான் தேன் வாங்க லாரிகள் வரத் தொடங்கியிருந்தன. ஆசினாவின் அண்ணன் புவானலிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஒரு யோசனை தோன்றியது. பறவைக்கு மெழுகு கொடுத்தால் வயிறு நிறைந்து தூங்கிவிடும். கொடுக்காவிட்டால் பசியில் அடுத்த மரத்தையும் காட்டும். எடுத்த மெழுகை மண்ணில் புதைத்தார்கள். சில வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய முனகலுக்குப் பறவைகள் செவிடாயின. ரஜபுவின் சீழ்க்கைக்கு மட்டும் எங்கிருந்தாலும் பறந்து வந்தன. கடைசியில் ஊரே சேவலின் பின்னால் காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த ரஜபு, மழை நின்று புல் ஆளுயரம் நின்ற காலத்தில், ஆற்றுப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை.

ஆற்றுப் பக்கம் தேடினார்கள். முதலை இழுத்த தடம் இருக்கிறதா என்று மணலெல்லாம் பார்த்தார்கள். தேடிக் களைத்து உட்கார்ந்த நேரத்தில், எதிர்த் திசையில், வடக்குக் காட்டிலிருந்து சீழ்க்கை கேட்டது. அந்த இழுப்பு, அந்த இறக்கம், அந்த 'ஸ்ஸ்'. முதலில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. பிறகு ஒவ்வொரு முகமாக வெளுத்தது. தேன்காரன் ஓரிடத்தில் நின்று கூப்பிட மாட்டான், நடந்துகொண்டே கூப்பிடுவான். இது நகரவில்லை. காலையில் கேட்டது, உச்சி வெயிலில் கேட்டது, பொழுது சாயும்போதும் கேட்டது. காணாமல் போனவனின் குரல் வந்து ஆள் வராவிட்டால் அதற்குப் பதில் கொடுக்கக் கூடாது, கொடுத்தவரையும் அது அழைத்துக்கொள்ளும் என்பது அந்த ஊரில் தாய்ப்பாலோடு வருகிற பயம்.

ஆசினா தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில் புவானலி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது அவன் இல்லம்மா. அவனா இருந்தா நடந்து வந்திருக்க மாட்டானா?"

அவள் நின்றுவிட்டாள். அத்தி மரத்தடியில் சோளமாவைக் குவித்து வைத்து, அமைதியாகப் போய்விடு என்று வேண்டிக்கொண்டார்கள். சில நாளில் சத்தம் நின்றது. மாவுக்கு மரியாதை கிடைத்தது என்று ஊர் மூச்சு விட்டது. பிறகு ஒரு விடியற்காலையில் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகு விடியலில் மட்டும், நாள் தவறாமல்.

இந்த நிலையில்தான் அக்கரையிலிருந்து சோமோயே வந்து இறங்கினாள். ரஜபுவின் அக்கா. பெரிய உடம்பு, பெரிய குரல், மடியில் மூக்குப்பொடி டப்பா. சேவல் எங்கே கூவினாலும், செத்தால் அதன் உடல் பிறந்த வீட்டுக்குச் சொந்தம். எடுத்துப்போக வேண்டியவள் அக்கா. மனைவிக்கு அதில் பேச்சு இல்லை.

"என் தம்பி உசுரோட இருந்தா முதுகுல ரெண்டு போடுவேன். செத்திருந்தா தூக்கிட்டுப் போவேன். ரெண்டுல ஒண்ணு தெரியாம நகர மாட்டேன்" என்று சொல்லிப் பாயை விரித்தாள்.

ஆசினாவுக்கு அன்றிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு முள். அவளுடைய அம்மா படுத்திருக்கும் இடுகாட்டில், அவளுக்கென்று விட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ரஜபு இருக்க வேண்டும். அந்த மண்ணில் எந்தச் சேவலும் இதுவரை படுத்ததில்லை. கொடுக்கிற உரிமை சோமோயேவிடம்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் களி கிண்டும்போது கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பாள். "உப்பு போட்டியா, இல்ல உங்க ஊருல அதுக்கும் லாரி வரணுமா?" என்று சோமோயே ஏதாவது கேட்பாள். வார்த்தை உள்ளேயே போய்விடும். கண்டுபிடித்தால் அவன் ஆற்றைக் கடந்து போய்விடுவான். கண்டுபிடிக்காதவரை அவளுடைய காட்டில், அவளைக் கூப்பிட்டுக்கொண்டாவது இருப்பான். தேடிப் போகச் சொல்லி யாரையும் அவள் வற்புறுத்தாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை நினைத்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

காடு உலர்ந்துகொண்டே வந்தது. இலையெல்லாம் செம்பு நிறமாகி உதிர்ந்தது. எங்கோ எரிகிற புல்லின் புகை மூட்டமாக நின்று, சூரியன் பழுத்த புண்போலத் தெரிந்தது. காற்றே இல்லை. அந்த அசைவில்லாத விடியலில் சீழ்க்கை இன்னும் தெளிவாக வந்தது. கோழிகள்கூட அது முடியும்வரை கொத்தாமல் தலையைச் சாய்த்து நின்றன.

"கேக்குதா?" என்றாள் சோமோயே, உரலில் உலக்கையை அப்படியே நிறுத்திவிட்டு.

"கேக்குது மைனி."

"பல்லு உடைஞ்ச 'ஸ்ஸ்' கூட வருதுடி. அந்தப் பல்லை உடைச்சதே நான்தான். சின்னதுல மாம்பழத்துக்குச் சண்டை."

"உங்களைச் சொல்ல மாட்டாரு. மரத்துலேருந்து விழுந்தேன்னுதான் சொல்லுவாரு."

"மானம் பாக்குறவன்." சிரிக்க ஆரம்பித்த சோமோயே பாதியில் நிறுத்திக்கொண்டாள். "செத்துப்போன மையத்து சீழ்க்கை அடிக்குமா ஆசினா? நீயே சொல்லு. நான் எத்தனை மையத்தைக் குளிப்பாட்டியிருக்கேன். ஒண்ணும் வாயைத் திறந்ததில்ல."

ஆசினா உலக்கையை வாங்கிக் குத்தத் தொடங்கினாள்.

அன்று பகலில் புவானலி நான்கைந்து ஆண்களோடு வீட்டுக்கு வந்தார். தேன் பருவம் வீணாகிறது, வடக்குக் காட்டில் ஒருவனும் கால் வைக்க மாட்டேன் என்கிறான், இமாமும் இறந்தவருக்கு ஓதும் நாற்பதாம் நாள் பாத்திஹாவை நாள் கடந்தும் ஓதத் தயங்குகிறார். கூவிக்கொண்டிருப்பவனுக்கு எப்படி ஓதுவது?

"நாளைக்கு வெயில் ஏறினதும் வடக்குக் காட்டுக்குத் தீ வைக்கிறோம்" என்றார் புவானலி. "புல்லு காஞ்சு கெடக்கு. எது அங்க உக்காந்து கூப்பிடுதோ, அது போயிடும்."

"என் தம்பி அங்க கெடந்தா?" என்று கேட்டாள் சோமோயே.

"அக்கா, அங்க கெடக்குறது உங்க தம்பி இல்ல. இந்தக் காட்டுல இப்ப எதுவும் பழைய மாதிரி இல்ல. சண்டைக் காலத்துல தந்தத்துக்காகச் சுட்டாங்க. முன்னெல்லாம் இங்க பொட்டை யானைக்கும் தந்தம் இருந்துச்சு, இப்ப பாதிக்கு முளைக்கவே மாட்டேங்குது. பகல்ல தோட்டத்துல விரட்டினோம், இருட்டுல வருது, சருகு மேல நடந்தாக்கூட சத்தம் வர்றதில்ல. பறவை எங்க குரலை மறந்துடுச்சு. எல்லாம் வேற ஏதோவா ஆயிக்கிட்டு இருக்கு."

"யானைக்கு முன்னப்பின்ன யோசனை இருக்கு, தம்பி. தந்தம் இருந்தா சுடுறான்னு தெரிஞ்சதும் தந்தம் வேணாம்னு விட்டுடுச்சு. உங்க ஊரு ஆம்பளைங்களுக்கு மெழுகைப் புதைச்சா பறவை வராதுன்னு தெரியவே இத்தனை வருஷம் ஆச்சு."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். புவானலி திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

"பேசுங்க அக்கா. உங்களுக்குப் பேசப் பாத்தியதை இருக்கு" என்றார் அவர். அவர் கெட்டவரில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது. "ஆசினா, தீ வெச்சு முடிச்சதும் பாத்திஹா ஓதிடலாம். நீ துக்கத்து வெள்ளைத் துணியைக் கழட்டலாம். எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

எரிந்துபோனால் சோமோயே எடுத்துப்போக எதுவும் மிஞ்சாது. தனக்கும் மிஞ்சாது. ஆசினாவுக்கு அந்த நொடியில் இரண்டும் சேர்ந்தே உறைத்தன.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், முதல் சீழ்க்கை வந்ததும், அவள் தண்ணீர்க் குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சோமோயே ஏற்கெனவே எழுந்து துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ வருவேன்னு தெரியும்" என்றாள். "பொம்பளைங்க தேன்காட்டி பின்னால போகக் கூடாதாமே உங்க ஊருல?"

"கூடாது."

"எங்க ஊருலயும் கூடாது. நட."

மரவள்ளித் தோட்டத்தைத் தாண்டியதும் காடு தொடங்கியது. உதிர்ந்த இலைகள் காலடியில் அப்பளம்போல நொறுங்கின. சோமோயே மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். சீழ்க்கை முன்னால் கேட்டது. நடந்தார்கள். வலப்பக்கம் கேட்டது. திரும்பினார்கள். பின்னால் கேட்டது. இருவரும் நின்றார்கள். மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். புகை மூட்டத்தில் நிழலே விழவில்லை.

"சுத்த விடுதுடி நம்மளை" என்றாள் சோமோயே. முதன்முறையாக அவள் குரல் சின்னதாக இருந்தது.

"மைனி, காதைப் பொத்திக்குங்க."

"எதுக்கு?"

"நான் பதில் குடுக்கப்போறேன்."

சோமோயே அவள் தோளைப் பிடித்தாள். தடுப்பதற்கா, சாய்ந்துகொள்வதற்கா தெரியவில்லை. காதைப் பொத்தவில்லை. ஆசினா உதட்டை நனைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கேட்ட சத்தம், ஒருநாளும் அடித்துப் பார்த்ததில்லை. நீளமாக இழுத்தாள், இறக்கினாள். கடைசியில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து அந்த 'ஸ்ஸ்' சத்தத்தையும் விட்டாள்.

காடு அப்படியே அடங்கியது. பிறகு, தலைக்கு மேலே, தீப்பெட்டியைக் குலுக்குவதுபோல ஒரு கடகடப்பு. சாம்பல் நிறச் சின்னக் குருவி ஒன்று வாலை விரித்து வெள்ளை காட்டியது. தேன்காட்டி. கொஞ்ச தூரம் பறந்தது, திரும்பிப் பார்த்தது, கடகடத்தது.

"கூப்பிடுது" என்றாள் சோமோயே.

"நான்தான் அதைக் கூப்பிட்டேன்" என்றாள் ஆசினா. தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

குருவி விட்டு விட்டுப் பறந்தது. அவர்கள் பின்னால் போனார்கள். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. தீ வைக்கிறவர்கள் இந்நேரம் எழுந்திருப்பார்கள். கடைசியில் ஒரு பெருக்கமரத்தின் முன்னால் தேன்காட்டி உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டது. காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டால் அது பேசாது.

யானை முதுகுபோலப் பருத்த மரம். உயரத்தில் பொந்து, பொந்தில் தேனீக்களின் இரைச்சல். கூடு தொடப்படாமல் முழுசாக இருந்தது. அடியிலிருந்து பாதி உயரம்வரை ஏறுவதற்கு அடித்த முளைக்குச்சிகள். ஒரு குச்சி மட்டும் ஒடிந்து, வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போது மிகப் பக்கத்தில் சீழ்க்கை கேட்டது.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். மொட்டைக் கிளையில் கருப்பாக ஒரு கரிச்சான், பிளந்த வாலைத் தொங்கவிட்டு, சிவந்த கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டை புடைத்தது. ரஜபுவின் இழுப்பு, ரஜபுவின் இறக்கம், ரஜபுவின் பல் இடுக்கில் வருகிற காற்று.

"யா அல்லாஹ்" என்று சோமோயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆசினாவுக்குப் புரிய நேரமாகவில்லை. ரஜபு போகிற இடமெல்லாம் கரிச்சான்கள் வரும். அவன் புகை போட்டதும் வெளியே பாயும் தேனீக்களைக் காற்றிலேயே பிடித்துத் தின்னும். சிரித்துக்கொண்டே வந்து சொல்லியிருக்கிறான். சீழ்க்கை, பிறகு புகை, பிறகு தீனி. அவன் வராமல் போனதும் தீனிக்காக இது தானே சீழ்க்கை அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு சீழ்க்கை அடித்தால் ஒரு மனிதன் வருவான், புகை வரும் என்று இத்தனை மாதமாகக் காத்திருந்திருக்கிறது.

பிறகு கரிச்சான் இன்னொரு சத்தம் எழுப்பியது. டொக். டொக். டொக். கோடரியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டும் சத்தம். நிறுத்தியது. மறுபடி சீழ்க்கை. இந்த முறை மெலிந்து, பாதியில் காற்று போதாமல் நின்று, திரும்பத் தொடங்கும் சீழ்க்கை. மறுபடி டொக், டொக்.

தேன்காட்டியைக் கூப்பிட யாரும் மரத்தைத் தட்ட மாட்டார்கள்.

ஆசினா மரத்தைச் சுற்றிப் போனாள். அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்குப் பிளவு. ஆற்றுக்குப் புறப்பட்டவனை ஏதோ ஒரு தேன்காட்டி இந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்குவதுபோல அவன் அதற்குள் ஒதுங்கியிருந்தான். மிருகங்கள் விட்டுவைத்த கொஞ்சம் எலும்புகள், கிழிந்த சட்டை, கோடரி. தொடை எலும்பு நடுவில் முறிந்திருந்தது. கோடரிக்கு எட்டும் உயரத்தில், உள்பக்கமாக, மரப்பட்டை நசுங்கி நசுங்கிக் குழியாகியிருந்தது.

சோமோயே ஊர்ந்து வந்து பார்த்தாள். தொட்டாள். பிறகு சொன்னாள்: "கால் ஒடிஞ்சு கெடந்திருக்கான்."

"ஆமா மைனி."

"உசுரோட."

"ஆமா."

"மொதல்ல கேட்டுச்சுன்னியே. வெயில்ல, சாயங்காலம்னு, நேரம் காலம் இல்லாம. அப்புறம் நின்னுச்சுன்னியே." அவள் கரிச்சானைக் கைநீட்டிக் காட்டினாள். "அது இது இல்ல. இது காலையில மட்டும் கத்துது. அது அவன்."

ஆசினா தலையாட்டினாள்.

"உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"ஊரே கேட்டுச்சு. கேட்டுட்டு மரத்தடியில மாவு வெச்சீங்க. பசியில கெடந்தவனுக்கு, எட்டாத எடத்துல, மாவு!" சோமோயே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "தண்ணி எடுத்துக்கிட்டு ஓடினியாமே. ஏன்டி நின்ன? உங்க அண்ணன் கை என்ன இரும்பா?"

"இல்ல மைனி. பயம். எனக்கும் பயம்தான்."

சோமோயே மரத்தில் சாய்ந்துகொண்டாள். அவள் அழுதாள். பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க, மூக்கைத் துணியில் சிந்திச் சிந்தி அழுதாள். மேலே கரிச்சான் அந்த அழுகையைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆசினா ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது அடுத்த கிளைக்கு மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஊர்ப் பக்கத்தில் புகை எழத் தொடங்கியிருந்தது. கரிச்சான் அதைப் பார்த்ததும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டது. புகைக்காகத்தான் அது இவ்வளவு காலம் காத்திருந்தது.

"வெச்சுட்டாங்க" என்றாள் ஆசினா.

சோமோயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேலே போர்த்தியிருந்த துணியை உதறி விரித்தாள். தம்பியின் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணைத் தட்டி, அவன் பெயரைச் சொல்லி வைத்தாள். சட்டையை மடித்து மேலே வைத்தாள். மனைவி அதில் கை வைக்கக் கூடாது. ஆசினா தள்ளி நின்று பார்த்தாள். ஒரு மனிதன் இவ்வளவு சின்ன மூட்டைக்குள் அடங்குவான் என்று அவள் நினைத்ததில்லை.

"தீ வர்றதுக்குள்ள அந்தப் பக்கமா சுத்திப் போனா ஆத்துக்கு வழி இருக்கா?" என்று கேட்டாள் சோமோயே. "ஊருக்குள்ள வர மாட்டேன். உங்க அண்ணன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். இப்படியே அக்கரைக்குப் போயிடுறேன்."

"இருக்கு. பாறை வழியா."

"முடிச்சுப் போடணும். ஒரு கையால முடியல. இந்த முனையைப் புடி. துணியைத்தான் புடிக்கச் சொல்றேன், அவனை இல்ல."

ஆசினா மண்டியிட்டு முனையைப் பிடித்தாள். சோமோயே அடுத்த முனையை அதன் மேல் போட்டு இழுத்தாள். ஆசினா விடவில்லை. சோமோயே மறுபடி இழுத்தாள். துணி இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. புல் எரிகிற வாடை வந்துவிட்டது. சருகு வெடிக்கிற சத்தமும் தூரத்தில் கேட்டது.

"விடுடி. நேரமாகுது."

ஆசினா நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்தக் கண்கள் ரஜபுவின் கண்களைப் போலவே இருந்தன. இத்தனை நாள் அவற்றைப் பார்த்துத்தான் அவள் வார்த்தையை விழுங்கியிருந்தாள்.

"கேக்குறதுக்கு எனக்கு வாய் இல்ல மைனி" என்றாள். "அவரு கூப்பிட்டப்ப நான் போகல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேக்குறேன். எங்கம்மா பக்கத்துல எனக்குன்னு வெச்சிருக்குற எடத்துல அவரைப் படுக்க வைக்கிறேன். அவரை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."